டிஸ்க்கில் இருந்து பூட் ஆகாத பழைய லேப்டாப்: அப்பாவின் வயல் கணக்கு உள்ளே இருக்கிறது

கடைமடை (முத்துப்பேட்டைப் பக்கம்) | மே 9, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப் இது. 2013-ல் வந்தது. நான் வேலைக்குப் போன பிறகு அப்பா எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து வயல் கணக்கு முழுக்க அதில்தான் எழுதினார். மேட்டூர் திறந்த தேதி, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதி, நாற்று விட்ட நாள், நட்ட நாள், உரம், ஆள் கூலி, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை என்று வருடத்துக்கு ஒரு எக்செல் கோப்பு. எங்கள் நிலம் பாமணியாற்றுக் கடைமடை. மேட்டூர் திறந்தால் பத்திரிகையில் வரும். எங்கள் மதகுக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்பதை யாரும் எழுத மாட்டார்கள். அப்பா மட்டும்தான் எழுதி வைத்திருந்தார்.

போன தையில் அப்பா தவறிவிட்டார். இந்த வருடம் நானும் தம்பியும்தான் சாகுபடியைப் பார்க்க வேண்டும். நேரடி விதைப்பா, நாற்றங்காலா என்று முடிவெடுக்க அந்தக் கணக்கு வேண்டும்.

போன வாரம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜர் செருகினால்தான் ஓடும். மறுநாள் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: பிஎக்ஸ்இ-இ61, மீடியா டெஸ்ட் ஃபெய்லியர், செக் கேபிள். அதற்குக் கீழே ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட். டவுனில் ஒரு கடையில் காட்டினேன். டிஸ்க் போய்விட்டது, புதிது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறோம், பழையதை மறந்துவிடுங்கள் என்றார்கள். மனசு கேட்கவில்லை. அப்படியே திருப்பி வாங்கி வந்துவிட்டேன். இனி என்ன செய்யலாம்?

வெற்றிலைக்கொடி (ஐயம்பேட்டை) | மே 9, இரவு 9.32

பயப்படாதீங்க. விண்டோஸ் 7 டிவிடியோ பென் டிரைவோ போட்டு ரிப்பேருக்குள் போய், கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர், அப்புறம் ஃபிக்ஸ்பூட் கொடுங்கள். பூட் பகுதியைப் புதிதாக எழுதிவிடும். இரண்டு நிமிட வேலை. என் கடை மெஷினுக்குப் பல தடவை செய்திருக்கிறேன்.

குடந்தைமேசை (கும்பகோணம்) | மே 9, இரவு 10.15

வெற்றிலைக்கொடி அண்ணே, நீங்கள் சொன்னது நல்ல டிஸ்க்குக்குச் சரி. இந்த டிஸ்க் நல்லதா கெட்டதா என்று நமக்கு இன்னும் தெரியாது. தெரியாத டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது. இதை நான் கெஞ்சியே சொல்கிறேன். பதினைந்து வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். டிஸ்க் தானாகச் செத்து நான் பார்த்த டேட்டா இழப்பைவிட, அவசரப்பட்டு ரிப்பேர் செய்து போனதுதான் அதிகம்.

தங்கச்சி, முதலில் அந்தத் திரை என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிஎக்ஸ்இ என்பது நெட்வொர்க் வழியாக பூட் ஆகப் பார்ப்பது. அதில் சொல்லும் கேபிள் லேன் கேபிள்தான், டிஸ்க் கேபிள் இல்லை. பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள்நிரல், தன் வரிசைப்படி ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே போகிறது. டிஸ்க்கிடம் ஒழுங்கான பதில் இல்லை, நெட்வொர்க்கிடமும் இல்லை. அதனால் கையை விரித்துவிட்டது. டிஸ்க் செத்துவிட்டது என்று அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது.

பழைய முறையில் பயாஸ் டிஸ்க்கிடம் கேட்பது முதல் செக்டாரை, அதாவது முதல் சின்னத் துண்டை மட்டும்தான். மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற கணக்கு), கடைசி 2 பைட் முத்திரை. 320 ஜிபியில் இந்த 512 பைட் படிக்க முடியாமல் போனால் போதும், மீதி எல்லாம் பத்திரமாக இருந்தாலும் இதே செய்திதான் வரும்.

இன்னொன்று. அரசு லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் என் மேசைக்கு வந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வருமே, அது உங்களுடையதில் வந்ததா? வந்திருந்தால் முதல் செக்டாரில் இருப்பது லினக்ஸின் கிரப், அந்தப் பட்டியலைக் காட்டும் நிரல். ஃபிக்ஸ்எம்பிஆர் அதன்மேல் எழுதிவிடும்.

இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். பயாஸுக்குள் போய் தேதி என்ன, டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா, பூட் வரிசை என்ன என்று மூன்றையும் பார்த்து எழுதிக்கொண்டு அணைத்துவிடுங்கள். அணைக்கும் முன் காதை வைத்துச் சத்தமும் கேளுங்கள்.

கடைமடை | மே 10, காலை 7.05

பார்த்தேன் அண்ணா. தேதி 2010 ஜனவரி 1. பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில், டிஸ்க் மூன்றாவது. டிஸ்க் பெயர் தெரிகிறது. சத்தம் வழக்கமான சுழற்சிதான். ஆனால் நடுவில் இரண்டு முறை மெல்லிசாக டிக் என்றது. அந்தப் பட்டியல் வந்துகொண்டுதான் இருந்தது, அப்பா எப்போதும் விண்டோஸைத்தான் எடுப்பார்.

ஆழித்தேர் (திருவாரூர்) | மே 10, காலை 7.40

தேதி பின்னால் போயிருக்கிறது என்றால் சிமாஸ் செல், அதாவது பயாஸ் அமைப்பையும் தேதியையும் காக்கும் சின்ன பேட்டரி, தீர்ந்துவிட்டது. சிஆர்2032, 3 வோல்ட், வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். லேப்டாப்பில் பெரும்பாலும் அதற்குச் சின்ன ஒயரும் கனெக்டரும் சேர்த்துச் சுருக்கி வைத்திருப்பார்கள். அதே மாதிரி ஒயரோடு கேட்டு வாங்குங்கள்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெயின் பேட்டரியும் இல்லாமல் செல்லும் தீர்ந்தால், மின்சாரம் போகும் ஒவ்வொரு தடவையும் பயாஸ் அமைப்பு முழுக்கப் பழையபடி மாறிவிடும். பூட் வரிசை மாறும். டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் (ஐடிஇ, ஏஹெச்சிஐ என்று இரண்டு) மாறலாம். விண்டோஸ் 7 ஐடிஇ மோடில் நிறுவியிருந்து, பயாஸ் ஏஹெச்சிஐ-க்கு மாறிவிட்டால் நீலத்திரை வரும், கடைசியில் 7பி என்று முடியும் எண்ணோடு. மோடைத் திருப்பிப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். வரிசையில் டிஸ்க்கை முதலில் வைத்து ஒரே ஒரு தடவை பாருங்கள்.

கடைமடை | மே 10, காலை 8.20

டிஸ்க்கை முதலில் வைத்தேன். நீலத்திரை இல்லை, கர்சர் கொஞ்ச நேரம் மின்னியது, திரும்பவும் அதே ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட். அணைத்துவிட்டேன்.

குடந்தைமேசை | மே 10, காலை 9.00

நீலத்திரையே வரவில்லை என்றால் விண்டோஸ் வரைக்கும் போகவில்லை. முதல் செக்டாரிலேயே நிற்கிறது. செல் ஒரு பழுது, டிஸ்க் இன்னொரு பழுது என்றுதான் எனக்குப் படுகிறது.

லினக்ஸ் மின்ட் போட்ட பென் டிரைவ் ஒன்று தயார் செய்து அதில் இருந்து பூட் செய்யுங்கள். நிறுவ வேண்டாம், சும்மா ஓட்டுங்கள். டிஸ்க்ஸ் என்று ஒரு செயலி இருக்கும். அதில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைப்பது) திறந்து 5, 197, 198 என்ற மூன்று வரிகளை மட்டும் சொல்லுங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுத்த செக்டார்கள். 197 என்பது படிக்க முடியாமல் திணறி, டிஸ்க்கே குறித்து வைத்திருக்கும் இடங்கள். நமக்கு 197 முக்கியம்.

கூத்தாநல்லூர்_அபுதாபி | மே 10, மதியம் 12.30

எங்க மாமா ஒருத்தர் டிஸ்க்கைப் பாலித்தீன் கவரில் சுற்றி ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, அதில் இருந்து டேட்டா எடுத்தார். டிக் டிக் சத்தம் வந்தால் அதைச் செய்யலாம் என்பார்.

குடந்தைமேசை | மே 10, மதியம் 1.10

தம்பி, தயவுசெய்து வேண்டாம். முத்துப்பேட்டை கடலோரம், மே மாதம், காற்றில் எவ்வளவு ஈரம் என்று உங்களுக்கே தெரியும். ஃபிரீசரில் இருந்து எடுத்த அடுத்த நிமிடம் ஐஸ் தண்ணீர் சொம்பு மாதிரி வெளியே வியர்க்கும், உள்ளேயும் வியர்க்கும். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே மயிரிழைகூடப் போகாத இடைவெளி. அதில் நீர்த்துளி நின்றால் முடிந்தது கதை.

கடைமடை | மே 10, இரவு 8.45

வரி 5-ல் 38. வரி 197-ல் 212. வரி 198-லும் 212. கோப்புகள் எதுவும் தெரியவில்லை. டிஸ்க் 320 ஜிபி, முழுவதும் காலி இடம் என்று காட்டுகிறது. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

குடந்தைமேசை | மே 10, இரவு 9.30

காலி இல்லை, தங்கச்சி. பார்ட்டிஷன் அட்டவணையைப் படிக்க முடியவில்லை, அதனால் காலி என்று காட்டுகிறது. பட்டா தொலைந்தால் வயல் ஓடிப்போகுமா? வயல் அங்கேயேதான் இருக்கிறது.

212 என்பது 320 ஜிபிக்குச் சின்ன எண். ஆனால் ஓட ஓட ஏறும். அதனால் இனி அந்த டிஸ்க்கை ஒரே ஒரு வேலைக்குத்தான் சுழல விடுகிறோம்: முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே நகல் கோப்பாக இன்னொரு டிஸ்க்குக்கு இறக்க வேண்டும். மற்ற எல்லா வேலையும் அந்த நகலில்தான். இதற்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவி. மின்ட்டில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் நிறுவ வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். உங்கள் லேப்டாப்புக்குப் பேட்டரி இல்லை, மின்சாரம் போனால் டிஸ்க் திடீரென்று நின்றுவிடும். அது கெடுதல். தம்பியிடம் பேட்டரி நிற்கும் லேப்டாப் இருக்கிறதா? பழையதின் அடிப்பக்க மூடியைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா டு யுஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாக அதில் இணையுங்கள். அப்போதும் பென் டிரைவ் லினக்ஸில்தான் ஓட்ட வேண்டும். விண்டோஸில் செருகினால் இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். பதற்றத்தில் சரி என்று தட்டிவிடுவோம்.

நகல் இறக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் 320 ஜிபிக்கு மேல் காலி இடம் வேண்டும். ஃபேட்32 கூடாது, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு வைக்க முடியாது. மேப் கோப்பு என்று ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள். எந்த இடம் படித்தாயிற்று, எந்த இடம் பாக்கி என்று அதில்தான் கணக்கு இருக்கும். நடுவில் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும். அதையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலேயே வையுங்கள். பென் டிரைவ் லினக்ஸின் டெஸ்க்டாப்பில் வைத்தால் அணைத்ததும் காணாமல் போகும்.

முதல் ஓட்டத்தில் கட்டளையோடு 'என்' (-n) என்ற சுவிட்சு போடுங்கள். கெட்ட இடத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்காமல் நல்லதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். அது முடிந்த பிறகு 'ஆர் 3' (-r3) போட்டு, கெட்ட இடத்தை மூன்று தடவை முயன்று பார்க்கச் சொல்லலாம். எது மூலம், எது நகல் என்று அளவைப் பார்த்து, எண்டர் தட்டும் முன் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஆழித்தேர் | மே 10, இரவு 9.50

இதோடு ஒன்று: விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டு என்று யாராவது சொன்னால் ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பைச் சரி செய்கிறேன் என்று டிஸ்க்கிலேயே எழுதும்.

கடைமடை | மே 13, காலை 6.30

எழுத நேரம் இல்லை, மன்னிக்கவும். தம்பியின் லேப்டாப்பில் போட்டோம். மச்சான் திருத்துறைப்பூண்டியில் இருந்து 1 டிபி டிஸ்க் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல இடங்களில் நொடிக்கு 30 எம்பி ஓடியது. ஆனால் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, அப்புறம் தாவிப் போனது. முதல் ராத்திரி இரண்டு தடவை மின்சாரம் போனது, லேப்டாப் பேட்டரியில் தாங்கியது. டிஸ்க் சூடாகிறது என்று அம்மா டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு விசிறியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது நாள் கன்வெர்ட்டர் கழன்றுகொண்டது. நீங்கள் சொன்னபடி அதே கட்டளையைக் கொடுத்தேன், விட்ட இடத்தில் இருந்தே போனது.

இன்று காலை முடிந்தது. 99.99 சதவீதம் என்று காட்டுகிறது. படிக்க முடியாத இடங்கள் 9. அதில் முதல் இடம் 0-வில் தொடங்குகிறது, அளவு 4096.

குடந்தைமேசை | மே 13, காலை 8.10

அதுதான் தங்கச்சி! நான்கு நாளாக நாம் தேடிய இடம் அதுதான். அந்தக் காலத்து டிஸ்க் பலவற்றில் உள்ளே உண்மையான செக்டார் 4096 பைட், வெளியே 512 பைட் எட்டாகக் காட்டும். முதல் செக்டார் ஒன்று கெட்டதால் எட்டும் சேர்ந்து போய்விட்டன. அதோடு பூட் நிரலும் பார்ட்டிஷன் அட்டவணையும் போயின. விண்டோஸ் 7 முதல் பார்ட்டிஷனை 2048-ஆவது செக்டாரில்தான் தொடங்கும். அதனால் கோப்புகளை அது தொடவே இல்லை. ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்திருந்தால் படிக்க முடியாத இடத்தில் அட்டவணையைத் தேடிக்கொண்டிருந்திருக்கும்.

இனி பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நகல் மீது டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை ஓட்டுங்கள். இன்டெல் வகை, அனலைஸ், குயிக் சர்ச். பழைய பார்ட்டிஷன்களின் எல்லையை அது தேடிக் கண்டுபிடிக்கும். கண்டதும் பி எழுத்தை அழுத்தினால் கோப்புகள் தெரியும். அங்கிருந்தே வெளியே நகல் எடுக்கலாம். எதையும் எழுதச் சொல்ல வேண்டாம்.

கடைமடை | மே 13, இரவு 11.20

கிடைத்துவிட்டது. அப்பா வைத்த பெயரிலேயே ஃபோல்டர். 2014-ல் இருந்து ஒவ்வொரு வருடமும் இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாக ஏதோ வருகிறது, வரிக்கு வரி அரைப்புள்ளி. எண்கள் மட்டும் சரியாக இருக்கின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?

ஆழித்தேர் | மே 13, இரவு 11.35

கெடவில்லை. புள்ளி வரவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி வருகிறது என்றால் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். அந்த எழுத்துருவில் புள்ளி உட்கார்ந்திருக்கும் விசை அதுதான். அந்த ஊர் டிடிபி சென்டர் எதிலாவது அப்பா பழகியிருப்பார். பாமினி எழுத்துருவை நிறுவினாலே தமிழ் தெரிந்துவிடும். ஆனால் கைப்பேசியில் தெரியாது, தேடவும் முடியாது. அதனால் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில், எல்லாக் கருவியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, நகலில் மாற்றுங்கள்.

கடைமடை | மே 15, மாலை 5.00

மாற்றிவிட்டேன். 2018 கோப்பில் ஒரு பக்கத்தை இங்கே தட்டச்சு செய்கிறேன், நம் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும்.

மேட்டூர் 19-07. நம் மதகு 14-08. முழங்கால் தண்ணீர் 17-08. சம்பா நேரடி விதைப்பு, 9 மா. அப்புறம் 16-11: கஜா. தென்னை 31-ல் 27 போச்சு. பயிர் படுத்தது, 4 மா நிமிர்ந்தது. கரண்ட் 22 நாள் இல்லை.

கோப்பைக் கடைசியாகச் சேமித்தது டிசம்பர் 11. கரண்ட் வந்த பிறகு உட்கார்ந்து நாள் நாளாக நினைவில் இருந்து எழுதியிருக்கிறார். 2020-ல் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த வருடம், எங்கள் மதகுக்கு ஜூலை 5. எல்லா வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால், மேட்டூருக்கும் எங்களுக்கும் நடுவே 22 நாளுக்குக் குறைந்து ஒரு தடவைகூட இல்லை. தண்ணீர் அவ்வளவு தாமதமாக வருவதால் நேரடி விதைப்பு என்று நானும் தம்பியும் முடிவு செய்துவிட்டோம்.

வெற்றிலைக்கொடி | மே 15, இரவு 7.15

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன் அம்மா. எங்களுக்கும் கொடிக்கால் முழுக்க அந்த ராத்திரி படுத்துவிட்டது.

இதைப் படித்த பிறகு என் கடையில் மூலையில் கிடந்த ஒரு லேப்டாப்பை எடுத்தேன். அதிலும் தேதி பின்னால். ஆனால் இது நீலத்திரை, 7பி. ஆழித்தேர் சொன்னபடி சாட்டா மோடை ஐடிஇ-க்கு மாற்றினேன், ஓடிவிட்டது. போன வருடம் இதே மாதிரி வந்த ஒன்றுக்கு நான் ஃபார்மேட் போட்டுக் கொடுத்தேன். அதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. இனி முதலில் ஸ்மார்ட் பார்க்காமல் எதையும் தொட மாட்டேன்.

கடைமடை | மே 16, காலை 10.40

இன்னும் இரண்டு கேள்வி. அந்த லேப்டாப்பையே தொடர்ந்து வைத்துக்கொள்ள ஆசை. பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போடலாமா, விண்டோஸ் 7 திரும்பப் போடலாமா? இரண்டாவது, 2019 கோப்பு மட்டும் திறக்கவில்லை.

குடந்தைமேசை | மே 16, மதியம் 12.00

எஸ்எஸ்டி தாராளமாகப் போடலாம். 2.5 அங்குல சாட்டா வாங்குங்கள். அது 7 மிமீ கனம், உங்கள் பழைய டிஸ்க் 9.5 மிமீ இருக்கும். ஆடினால் ஒரு சின்ன அட்டை வைத்தால் போதும். சிமாஸ் செல்லையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். கனெக்டர் ஒன்றே போல இருந்தாலும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வருவது உண்டு, பழையதோடு ஒப்பிட்டுச் செருகுங்கள்.

விண்டோஸ் 7 வேண்டாம். 2020 ஜனவரி 14-ஓடு அதற்குப் பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டது. 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி ரேம் என்றால் 4 ஆக்கிவிடுங்கள், நிம்மதியாக ஓடும்.

பழைய டிஸ்க்கை இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். அதில் ஆதார், பாஸ்புக், சிட்டா நகல் எல்லாம் இருக்கும். மேலே தேதி எழுதி வீட்டிலேயே வையுங்கள். நகலையும் ஒரு இடத்தோடு நிறுத்தாமல் மச்சான் வீட்டில் இன்னொன்று வையுங்கள். கஜா மாதிரி ஒன்று வந்தால் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இரண்டு நகலும் ஒன்றுதான்.

ஆழித்தேர் | மே 16, மதியம் 12.20

2019 கோப்பு கெட்ட இடத்தில் மாட்டியிருக்கும். லிப்ரே ஆஃபீஸில் திறந்து பாருங்கள். பழுதாகிவிட்டது, சரிசெய்து திறக்கட்டுமா என்று கேட்டால் சரி சொல்லுங்கள். நகலில்தான் செய்கிறீர்கள், பயமில்லை.

கடைமடை | மே 19, இரவு 8.30

திறந்தது. தண்ணீர் தேதியும் நடவும் உரமும் வந்துவிட்டன, கடைசிப் பகுதி வரவில்லை. அறுவடைக் கணக்கு அதில்தான் இருந்தது. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, கொள்முதல் நிலைய ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு வருடவாரியாக வைத்திருப்பதை எடுத்துக் கொடுத்தார். ரசீதில் இருப்பது 40 கிலோ சிப்பம், அப்பா எழுதுவது 60 கிலோ மூட்டை. ஒவ்வொன்றாக மாற்றி நிரப்பிக்கொண்டிருக்கிறோம். அம்மா படிக்கிறார், தம்பி கணக்குப் போடுகிறான், நான் தட்டச்சு செய்கிறேன். இன்னும் மூன்று ரசீது பாக்கி.